சேறு காத்த எண்ணெய்

நாற்றிசையினின்றும் ஆறுகள் கொணர்ந்து சேர்ப்பன அனைத்தையும் ஏற்பது கடல். ஏற்றதை அது வெளியே காட்டுவதில்லை. மலையிலிருந்து வரும் மண்ணும், காட்டிலிருந்து வரும் சருகும், ஊர்களிலிருந்து வரும் கழிவும் ஒருங்கே அதனுட் புகுந்து மறைகின்றன. மறுநாட் காலையிற் பார்த்தால் அலைகள் பழையபடியே நுரை சிந்திக் கரையைத் தொட்டு மீள்கின்றன. ஆதலின், கடலிற் சென்றது யாதாயினும் அது கரைந்து ஒழிந்தது என்றே மக்கள் நெடுங்காலம் எண்ணி வந்தனர். அவ்வெண்ணம் முற்றும் பிழையன்று; தன்பால் வந்தவற்றுட் பலவற்றைக் கடல் செரித்தே விடுகின்றது. ஆனால், எதனை எவ்விடத்திற் செரிக்கின்றது, எதனை எவ்விடத்திற் செரிக்காமல் வைத்துக்கொள்கின்றது என்னும் கேள்வியை மிகச் சிலரே எழுப்பினர். அக்கேள்விக்கு விடை தந்தது பெருங்கடல் அன்று. அதன் ஓரத்திலே கிடந்த ஒரு சிறிய சதுப்பு நிலம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கீழைக் கரையில் மாசசூசெட்ஸ் என்னும் மாநிலம் உள்ளது. அங்கே பசார்ட்ஸ் விரிகுடாவின் ஓரத்தில் வெஸ்ட் பால்மத் என்னும் சிற்றூர் இருக்கின்றது. சிப்பி எடுத்துப் பிழைப்போரும், கோடையில் நீராட வருவோரும் நிறைந்த அமைதியான ஊர் அது. 1969-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 16-ஆம் நாள், ‘புளோரிடா’ என்னும் எண்ணெய்த் தோணி அவ்வூருக்கு அருகே பாறையில் மோதிப் பிளந்தது. ஏறத்தாழ 7 இலட்சம் லிட்டர் எண்ணெய் கடலிற் கொட்டியது. குளிர் நாட்டார் தம் இல்லங்களை வெம்மைப்படுத்த எரிக்கும் எண்ணெய் அது, டீசலை ஒத்தது, நீர்போல் இளகி ஓடுவது.

காற்றும் அலையும் அவ்வெண்ணெயைக் கரைநோக்கித் தள்ளின. வைல்டு ஹார்பர் என்னும் சிறு கழியினுள்ளும், அதனைச் சூழ்ந்த உவர்ச் சதுப்பினுள்ளும் அது புகுந்தது. ஓரிரு நாட்களுக்குள் மீன்களும் புழுக்களும் நண்டுகளும் சிப்பிகளும் குவியல் குவியலாகக் கரை ஒதுங்கின. பத்தடி ஆழமுள்ள நீரில் வலையிட்டு இழுத்துப் பார்த்தபோது, அகப்பட்ட உயிர்களில் நூற்றுக்கு 95 இறந்து கிடந்தன, எஞ்சியவை இறந்துகொண்டிருந்தன.

இத்தகைய விபத்து அதற்கு முன்னும் பிற கடற்கரைகளில் நேர்ந்ததுண்டு. ஆயின் இங்கே ஒரு தற்செயல் ஒத்துவந்தது. அவ்விடத்திலிருந்து சில கல் தொலைவிலேதான் உட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையம் இருந்தது. 1930-இல் நிறுவப்பெற்ற அந்நிலையத்து அறிஞர்கள், தம் வாயிலுக்கு வந்த விபத்தைத் தாமே சென்று கண்டனர். ஹோவர்டு சாண்டர்ஸ் என்பார் கடலடியில் வாழும் சிற்றுயிர்களை எண்ணிக் கணக்கிடுவதில் வல்லவர். மாக்ஸ் புளூமர் என்பார் வேதியியல் வல்லுநர். சுவிட்சர்லாந்து நாட்டிற் பிறந்து 1959-இல் உட்ஸ் ஹோலுக்கு வந்து சேர்ந்தவர். இவ்விருவரும் தத்தம் துறையில் நின்று அச்சதுப்பை ஆராயலாயினர்.

அந்நாளிற் பலர் கொண்டிருந்த கருத்து யாதெனின், இத்தகைய இளகிய எண்ணெய் சில நாட்களில் ஆவியாகி மறைந்துவிடும் என்பதாகும். கண்ணாற் கண்டவையும் அதற்குச் சான்று கூறின. நீர்மேல் மின்னிய வானவில் நிறப் படலம் கலைந்தது. நாற்றம் அடங்கியது. ‘கடல் தன்னைத் தானே தூய்மை செய்துகொண்டது’ என்று சொல்லி மனநிறைவு கொள்ளப் பலர் ஆயத்தமாக இருந்தனர். புளூமர் அவ்வாறு இருக்கவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. விபத்து நிகழுமுன்னரே அவர் கடலுயிர்களின் உடலில் இயற்கையாக அமையும் நெய்ப்பொருள்களை ஆராய்ந்து வந்தவர். சிற்றிறாலை ஒத்து மிதந்து திரியும் மிகச் சிறிய உயிர்களின் உடலில் பிரிஸ்டேன் என்றொரு பொருள் உண்டு. அவ்வுயிர்களைத் தின்னும் மீன்களின் உடலிலும் அப்பொருள் மாறாது தங்குதலை அவர் கண்டிருந்தார். ஒருயிரின் கொழுப்பிற் புகுந்த இத்தகைய நெய் எளிதில் அழியாது, உண்ணப்படுவதிலிருந்து உண்பதற்குச் செல்லும் என்பது அவர் அறிந்த உண்மை. எனவே, கண்ணுக்கு மறைந்தமையை அழிவு என்று கொள்ள அவர் இசையவில்லை.

அவர் கையில் ஒரு கருவியும் இருந்தது. பல பொருள்கள் கலந்த நெய்யைச் சூடேற்றி ஆவியாக்கி, நீண்டு மெலிந்த குழாய் ஒன்றன் வழியே செலுத்தினால், ஒவ்வொரு பொருளும் தனக்குரிய நேரத்தில் மறுமுனையில் வெளிப்படும். அங்ஙனம் வெளிப்படுந்தோறும் ஓர் எழுதுகோல் தாளின்மீது சிகரம் போன்ற கோட்டை வரையும். கைரேகை ஒருவர்க்கு உள்ளது போல் மற்றொருவர்க்கு அமையாதது போலவே, ஓரிடத்து எண்ணெயின் சிகர வரிசை பிறிதோர் எண்ணெய்க்கு அமைவது அரிது. புளூமர் சேற்றை எடுத்து அக்கருவியிலிட்டார். சிப்பியின் தசையை எடுத்து இட்டார். இரண்டிலும் புளோரிடாத் தோணியின் ரேகையே வந்தது.

ஊர் மன்றத்தார் சிப்பி எடுப்பதைத் தடை செய்தனர். பிழைப்பு இழந்தோர் எத்துணை நாள் பொறுப்பர்? சிப்பிகளை எடுத்துத் தூய கடல்நீரில் விட்டால் அவை எண்ணெயைக் கழுவிவிடும் அல்லவோ என்ற எதிர்பார்ப்பு எழுந்தது. புளூமரும் அவர்தம் துணைவரும் அதனையும் செய்து பார்த்தனர். தூய நீரில் ஆறு திங்கள் வைத்திருந்த பின்னும் சிப்பிகளின் தசையில் அவ்வெண்ணெய் அளவிலும் தன்மையிலும் மாறாதிருந்தது. பார்வைக்கு அவை நல்ல சிப்பிகளே. சுவைத்துப் பார்த்து இஃது எண்ணெயுள்ளது, இஃது எண்ணெயற்றது என்று பிரித்தலும் எப்போதும் இயலுவதாக இல்லை. கருவி சொன்னதைக் கண் சொல்லவில்லை, நாவும் சொல்லவில்லை.

கடல் எண்ணெயை எவ்வாறு அழிக்கின்றது என்பதை இனிக் காண்போர்க்கு இம்முடிவு மேலும் வியப்பூட்டும். எண்ணெய் கடலுக்குப் புதியதன்று. மனிதன் தோன்றுவதற்கு மிக முன்னரே கடலடிப் பிளவுகளினின்று எண்ணெய் கசிந்து வந்திருக்கின்றது, இன்றும் கசிகின்றது. ஆதலால் அதனையே உணவாகக் கொள்ளும் நுண்ணுயிர்களும் தோன்றியுள்ளன. அவற்றுள் ஒன்று அல்கானிவோராக்ஸ் போர்குமென்சிஸ் எனப்படும். வடகடலில் உள்ள போர்கும் தீவின் பெயரால் 1998-இல் பெயரிடப்பெற்றது. எண்ணெய் இல்லாத கடலில் இது தேடினாலும் எளிதிற் கிட்டாது. எண்ணெய் கொட்டிய சில நாட்களிலோ பல்கிப் பெருகி ஏனைய நுண்ணுயிர்களை விஞ்சி நிற்கும்.

எண்ணெய் கொட்டியவுடன் முதலில் வேலை தொடங்குவன கதிரவனும் காற்றும் ஆகும். இலேசான கூறுகள் ஆவியாகிப் பறக்கின்றன. அலைகள் எஞ்சியதைச் சிறு துளிகளாக உடைக்கின்றன. அத்துளிகளைச் சூழ்ந்து நுண்ணுயிர்கள் உண்ணத் தொடங்குகின்றன. எண்ணெயின் மூலக்கூறுகள் கரியணுக்கள் ஒன்றோடொன்று கோத்த சங்கிலிகள். நேரிய சங்கிலியை நுண்ணுயிர் விரைந்து தின்னும். கிளைவிட்ட சங்கிலியையும் வளையமாக முடிந்த சங்கிலியையும் தயங்கித் தயங்கியே தின்னும். கரும்பு தின்னும் சிறுவன் கணுவை ஒதுக்கி, இடைப்பட்ட பகுதியை முதலில் மென்று முடிப்பதை இஃது ஒக்கும்.

ஆயினும் எண்ணெய் மட்டும் போதாது. எண்ணெயில் கரி உண்டு. நைட்ரசனும் பாஸ்பரசும் உடல் வளர்ச்சிக்குப் போதிய அளவில் இல்லை. அவற்றை நுண்ணுயிர் கடல்நீரிலிருந்தே பெறவேண்டும். 1989 மார்ச்சு 24-ஆம் நாள் அலாஸ்காவில் எக்சான் வால்டெஸ் என்னும் கப்பல் பாறையில் மோதி, 4 கோடி லிட்டருக்கு மேற்பட்ட கச்சா எண்ணெயைச் சிந்தியபோது, அங்குள்ள கற்கரைகளில் வயலுக்கு எரு இடுவது போல உரம் தெளித்தனர். நுண்ணுயிர்க்கு ஊட்டம் தந்து எண்ணெயை உண்பிக்கும் நோக்கம் அது. மேற்பரப்பில் அதனால் பயன் விளைந்தது.

இவை எல்லாவற்றினும் இன்றியமையாதது உயிர்வளி. விறகு எரியக் காற்று வேண்டுவது போல, நுண்ணுயிர் எண்ணெயை விரைந்து உண்ண உயிர்வளி வேண்டும். உயிர்வளியின்றி உண்பனவும் சில உண்டு. அவற்றின் வேலை மிக மந்தமானது.

வைல்டு ஹார்பரின் எண்ணெய் சென்று தங்கிய இடமோ உயிர்வளி புகாத சேறு. அத்தகைய சேற்றைக் காண அமெரிக்கா செல்லவேண்டுவதில்லை. பிச்சாவரத்திலோ முத்துப்பேட்டையிலோ அலையாத்திக் காட்டினுள் நின்று, ஒரு கோலால் சேற்றைக் கிளறினால் போதும். மேலே ஒரு விரற்கிடை பழுப்பு நிறம்; அதன்கீழ்க் கன்னங்கரிய நிறம்; உடனே அழுகிய முட்டையின் நாற்றம் எழும். அந்நாற்றமே அங்கு உயிர்வளி இல்லை என்பதற்கு அறிகுறி. காற்றில்லா இடத்தில் கந்தகக் கூறுகளைக் கொண்டு உயிர்வாழும் நுண்ணுயிர்கள் வெளியிடும் வாயு அது.

2017-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதிக் கரையெங்கும் எண்ணெய் படிந்தது. மீனவரும் மாணவரும் கரையில் நின்று வாளியால் அள்ளினர். 2023 டிசம்பரில் புயல்மழை வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து, கொசத்தலையாற்றின் வழியே எண்ணூர்க் கழியினுட் புகுந்தது. வாளிக்கு அகப்படுவது மேலே மிதக்கும் எண்ணெய். சேற்றுக்குள் இறங்கியது வாளிக்கு அகப்படுவதில்லை.

ஊறுகாய்ச் சாடியை அறியாதார் இல்லை. அதில் எண்ணெய் மேலே நின்று காற்றைத் தடுத்துக் கீழுள்ள காயைக் கெடாமற் காக்கின்றது. வைல்டு ஹார்பரில் சேறு மேலே நின்று காற்றைத் தடுத்துக் கீழுள்ள எண்ணெயைக் கெடாமற் காத்தது. ஒரே தோணியிலிருந்து ஒரே நாளிற் கொட்டிய எண்ணெய்தான். திறந்த நீரில் மிதந்த பங்கு வெயிலுக்கும் அலைக்கும் நுண்ணுயிர்க்கும் இரையாயிற்று. சேற்றுட் புகுந்த பங்கு அவ்வாறே இருந்தது. எண்ணெயின் ஆயுளை வரையறுத்தது எண்ணெயின் தன்மை மட்டும் அன்று, அது சென்று அடைந்த இடமும் ஆகும்.

அச்சேற்றில் வாழ்வது ஒரு சிறு நண்டு. ஆண் நண்டின் கொடுக்கு ஒன்று மிகப் பெரிது. மற்றொன்று மிகச் சிறிது. பெரிய கொடுக்கை அது முன்னும் பின்னும் ஆட்டுவது பிடில் வாசிப்பது போலத் தோன்றுவதால் அந்நாட்டார் அதனைப் பிடில் நண்டு என்பர். நெய்தல் நிலத்துப் பாடல்களில் அலவன் என்று பெயர் பெற்றுச் சிறு மனைக்குள் ஓடி ஒளியும் நண்டின் இனத்ததே இதுவும். இதன் வேலை வளை தோண்டுதல். கடல் ஏறி இறங்குந்தோறும் வளைவழியே நீரும் காற்றும் சேற்றினுள் இறங்குகின்றன. உழவன் ஏர் கொண்டு மண்ணைக் கிளறுதல் போல இந்நண்டுகள் சதுப்பைக் கிளறிக்கொண்டே இருக்கின்றன. மூச்சடைத்துக் கிடக்கும் சேற்றுக்கு மூச்சு விடும் வழி இவ்வளைகளே.

எண்ணெய் கலந்த இடங்களில் நண்டுகளின் நிலை வேறாயிற்று. விபத்துக்குப் பின் ஏழாண்டுகள் வரை அவற்றைத் தொடர்ந்து நோக்கிய ஆய்வு ஒன்று 1977-இல் வெளிவந்தது. நண்டுகளின் நடை தளர்ந்திருந்தது. வளைகள் முறையான வடிவில் அமையவில்லை, ஆழமாகவும் செல்லவில்லை. அந்நாட்டுக் குளிர்காலத்தில் நிலத்தின் மேற்பகுதி உறைந்துவிடும். ஆழ்ந்த வளையில் ஒடுங்கும் நண்டே இளவேனிலைக் காணும். ஆழமில்லா வளையில் ஒடுங்கியவை குளிரில் இறந்தன.

இங்கே ஒரு கொடிய சுழல் இருப்பதைக் கூர்ந்து நோக்கினால் அறியலாம். எண்ணெய் அழிய வேண்டுமாயின் சேற்றுக்குக் காற்று வேண்டும். சேற்றுக்குக் காற்றைக் கொணர்வது நண்டு. எண்ணெய் இருக்கும்வரை நண்டு அங்கே தோண்டாது. நண்டு தோண்டாதவரை எண்ணெய் அழியாது.

புளூமர் 1977-ஆம் ஆண்டிலேயே மறைந்தார். எண்ணெய் சேற்றில் நெடுங்காலம் தங்கும் என்று அவர் கூறியதை ஐயுற்றோர் அந்நாளில் இருந்தனர். புல் மீண்டும் தழைத்தது, பறவைகள் வந்தன, நீராடுவோரும் வந்தனர். பசுமையைக் கண்ட கண்ணுக்கு மண்ணினுள்ளே என்ன உளது என்று எவ்வாறு தெரியும்? 2000-ஆம் ஆண்டில் உட்ஸ் ஹோல் நிலையத்தைச் சேர்ந்த கிறிஸ்டபர் ரெட்டியும் பிறரும் அச்சதுப்பில் ஒரு குழாயை இறக்கிச் சேற்றைத் தண்டு போல் வெளியே எடுத்தனர். மேலிருந்து 6 செண்டிமீட்டர் வரையில் பெரிதும் மாசில்லை. அதன்கீழ் 28 செண்டிமீட்டர் வரையில் எண்ணெய் இருந்தது. ஆண்டுதோறும் படிந்த புதுச் சேறு அதன்மேற் போர்வை போலக் கிடந்தது. கருவியிலிட்டுப் பார்த்தபோது நேரிய சங்கிலிகள் காணப்படவில்லை. அவற்றை நுண்ணுயிர்கள் உண்டிருந்தன. கிளைவிட்ட சங்கிலிகள் பல எஞ்சியிருந்தன. கரும்பு தீர்ந்தது, கணு கிடந்தது. புளூமர் கூறியது மெய்யென்று காட்ட முப்பதாண்டுகள் ஆயின.

அலாஸ்காவிலும் இத்தகைய நிலையே கண்டனர். 2001-இல், அஃதாவது விபத்து நிகழ்ந்து 12 ஆண்டுகளுக்குப் பின், கரையோரங்களில் ஏறத்தாழ 9,000 குழிகள் தோண்டிப் பார்த்தனர். மேலே அலை கழுவிய கற்கள் தூயனவாய் இருந்த இடங்களிலும், பெருங்கற்களின் கீழே காற்றும் நீரும் செல்லாத பகுதிகளில் எண்ணெய் இளகிய நிலையிலேயே ஊறிக் கிடந்தது.

எண்ணெயாவது கடல் பழகிய பொருள். கடல் முன்னொருகாலும் அறியாத பொருள்களை மனிதன் ஆக்கியபோது நிகழ்ந்தது வேறு. டி.டி.டி. என்னும் பொருள் பூச்சிகளைக் கொல்லும் என்று 1939-இல் பால் முல்லர் கண்டறிந்தார். 1948-இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். இந்தியாவில் 1953-இல் தொடங்கிய மலேரியாத் தடுப்புத் திட்டத்தில் வீட்டுச் சுவரெல்லாம் இம்மருந்தைத் தெளித்தனர். அதனால் உயிர்பிழைத்தோர் பலர். அந்நன்மையை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. ஆயின் கொசுவைக் கொல்லும் அதே உறுதி கடலிலும் நின்றது. கரியணுக்களோடு குளோரின் அணுக்கள் இறுகப் பிணைந்த அமைப்பு அதனுடையது. அப்பிணைப்பை அவிழ்க்கும் பழக்கம் பெரும்பாலான நுண்ணுயிர்க்கு இல்லை.

அமெரிக்காவின் மேலைக் கரையில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு அருகே இருந்த ஆலையொன்று, டி.டி.டி. செய்ததில் எஞ்சிய கழிவை இருபதாண்டுகளுக்கும் மேலாகச் சாக்கடை வழியே கடலுக்கு அனுப்பி வந்தது. 1970-ஐ ஒட்டி அது நிறுத்தப்பட்டது. கடலடிச் சேற்றில் படிந்த அக்கழிவு சிற்றுயிர்களிற் புகுந்து, சிறு மீனிற் சேர்ந்து, அம்மீனைத் தின்னும் பழுப்புக் கூழைக்கடாவை அடைந்தது. ஏறுந்தோறும் அதன் செறிவு மிகுந்தது. டி.டி.டி. ஒரு சிறிது சிதைந்து டி.டி.இ. என்னும் வேறு பொருளாகும். அது தாயினும் நெடிது நிற்கும். பறவையின் உடல் முட்டையோட்டுக்குச் சுண்ணச்சத்தைச் சேர்ப்பதை அது தடுக்கின்றது. கூந்தன்குளத்தில் கூழைக்கடாக்களைக் கண்டோர் அவற்றின் பெருத்த உடலை அறிவர். அப்பறவை தன் தோற்கால்களை முட்டைமேல் வைத்து அடைகாக்கும். ஓடு மெலிந்தமையால் தாயின் காலின் கீழேயே முட்டைகள் நொறுங்கின. 1970-இல் அனகாபா என்னும் தீவில் ஏறத்தாழ 550 கூடுகள் இருந்தன. அவ்வாண்டு அங்கே தேறிய குஞ்சு ஒன்றே ஒன்று.

1972-இல் அந்நாட்டில் வேளாண்மைக்கு டி.டி.டி. தடை செய்யப்பட்டது. பறவைகள் மெல்ல மெல்லப் பெருகின. அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலினின்றும் 2009-இல் பழுப்புக் கூழைக்கடா நீக்கப்பட்டது. கடலடியிற் கிடந்ததோ எளிதில் நீங்கவில்லை. ஆயினும் ஒரு புதுமை அங்கே வெளிப்பட்டது. காற்றில்லாச் சேறு எண்ணெயைக் காத்தது என்று கண்டோம் அல்லவா? அத்தகைய சேற்றிலேதான் டி.டி.இ. தன் குளோரின் அணு ஒன்றை இழக்கின்றது என்று மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 1998-இல் காட்டினர். உயிர்வளி இல்லாவிடத்து வாழும் நுண்ணுயிர்கள் அவ்வணுவைப் பறித்துக்கொள்கின்றன. ஒன்றுக்குச் சிறையான இடம் மற்றொன்றுக்கு விடுதலை தருகின்றது. அவ்விடுதலையும் பல்லாண்டுக் காலத்திற் சிறிது சிறிதாக வருவதே.

எனவே கடல் எல்லாவற்றையும் அழிக்கும் என்றலும் பொருந்தாது. எதனையும் அழிக்காது என்றலும் பொருந்தாது. சேறு இத்தகையது, ஆழம் இத்துணை, பொருள் இன்னது என்று ஒவ்வோரிடத்தும் நின்று கேட்டறிய வேண்டியதாயிற்று. அங்ஙனம் கேட்கும் பொருட்டே ஆய்வாளர்கள் வைல்டு ஹார்பருக்கு மீண்டும் மீண்டும் சென்றனர்.

ஜெனிபர் கல்பர்ட்சன் என்னும் இளம் ஆய்வாளரும் அவர்தம் துணைவரும் செய்த ஆய்வு 2007-இல் வெளிவந்தது. விபத்து நிகழ்ந்தபோது அங்கிருந்த நண்டுகளுள் ஒன்றேனும் அப்போது உயிரோடில்லை. எத்தனையோ தலைமுறைகள் கழிந்திருந்தன. மேலே நின்று பார்த்தால் புல்லின் பசுமையன்றி வேறொன்றும் தெரியாது. அவர்கள் நண்டு வளைகளினுள் நீர்த்த சுண்ணக் கலவையை ஊற்றினர். அஃது இறுகியபின் சுற்றியிருந்த சேற்றை நீக்கி வெளியே எடுத்தனர். மாசில்லாச் சதுப்பில் எடுத்த வார்ப்பு முள்ளங்கி போல் நேரே கீழ்நோக்கி நீண்டிருந்தது. எண்ணெய் இருந்த சதுப்பில் எடுத்த வார்ப்போ சிறிது இறங்கியவுடன் குறுகி நின்றது. அல்லது பக்கவாட்டில் திரும்பியது. அது நின்ற இடத்திற்குக் கீழேதான், 1969-இல் சில நாட்களில் மறைந்துவிடும் என்று சொல்லப்பட்ட எண்ணெய் இருந்தது.